உபுண்டு சர்வரில் வேர்ட்பிரஸ்: எந்த வரிசையில் நிறுவுவது, எங்கே உடையும்

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவ ஐந்து நிமிடம் போதும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் பெருமை. சர்வர், தரவுத்தளம், பிஎச்பி மொழி, எச்டிடிபிஎஸ் சான்றிதழ் எல்லாவற்றையும் வேறு யாரோ தயாராக வைத்திருந்தால் அது உண்மைதான். வெறும் லினக்ஸ் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அடித்தளத்திலிருந்து நீங்களே எழுப்புவதாக இருந்தால் ஒரு முழு மாலையை ஒதுக்கி வையுங்கள்.

நேரம் பிடிப்பது நிறுவுவதில் அல்ல, ஏன் ஓடவில்லை என்று தேடுவதில்தான். காரணம், நாம் நிறுவப்போவது ஒரே மென்பொருளை அல்ல. உலாவியிலிருந்து வரும் கேள்வியை என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் வாங்குகிறது. அது பிஎச்பி-எஃப்பிஎம் என்ற தனிச் செயலியிடம் கொடுக்கிறது. பிஎச்பி வேர்ட்பிரஸின் நிரலை ஓட்டுகிறது. அந்த நிரல் மரியாடிபி என்ற தரவுத்தளத்திடம் பதிவுகளைக் கேட்டு வாங்குகிறது. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்ற இந்தச் சங்கிலி மனதில் இருந்தால், திரையில் வரும் ஒவ்வொரு பிழைச் செய்தியும் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். அதனால் இங்கே ஒரு விதியை மட்டும் விடாப்பிடியாகப் பின்பற்றப்போகிறோம்: ஒரு கண்ணி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்ததைக் கோக்க வேண்டும்.

எடுத்துக்கொள்வது லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04. நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்பதால் 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதன் மென்பொருள் களஞ்சியத்திலேயே பிஎச்பி 8.3, மரியாடிபி 10.11, என்ஜின்எக்ஸ் 1.24 கிடைக்கின்றன. வேர்ட்பிரஸுக்கு இவை தாராளம், வெளிக் களஞ்சியம் எதையும் சேர்க்கத் தேவையில்லை. கட்டளைகளை அவற்றைப் படிக்கும் ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். வெட்டி ஒட்டுவதைவிடக் கையால் தட்டினால் என்ன செய்கிறோம் என்பது நினைவிலும் நிற்கும்.

1. சர்வரும் டொமைனும்

ஒரு சிபியு, 1 ஜிபி நினைவகம், 20 அல்லது 25 ஜிபி வட்டு: ஒரு சிறு இதழுக்கோ நூலகத் தளத்துக்கோ இது போதும். 2 ஜிபி நினைவகம் எடுக்க முடிந்தால் பின்னால் நிம்மதி. உங்கள் வாசகர்கள் பெரும்பாலும் எங்கே இருக்கிறார்களோ, அதற்குப் பக்கத்துத் தரவு மையத்தைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு மும்பையோ சிங்கப்பூரோ பொருந்தும்.

சர்வரின் ஐபி எண் கையில் கிடைத்த உடனே செய்ய வேண்டியது, டொமைன் வாங்கிய இடத்துக்குப் போய் பெயரை ஐபி எண்ணோடு இணைக்கும் ஏ பதிவில் அந்த எண்ணைப் போடுவது. டபிள்யூடபிள்யூடபிள்யூ முன்னொட்டுக்கும் சேர்த்துப் போடுங்கள். இந்த மாற்றம் எல்லா இடங்களுக்கும் பரவ நேரம் பிடிக்கலாம். நாம் மற்ற வேலைகளைச் செய்துகொண்டிருக்கும்போது அது பரவிக்கொண்டிருக்கட்டும்.

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் தமிழ் முகவரி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. சர்வர் அமைப்பில் அந்தப் பெயரைத் தமிழில் எழுதக் கூடாது. எக்ஸ், என், இரண்டு கோடுகள் என்று தொடங்கும் பியூனிகோட் வடிவம் ஒன்று அதற்கு இருக்கும். என்ஜின்எக்ஸ், சான்றிதழ், வேர்ட்பிரஸ் மூன்றிலும் அதையே கொடுங்கள். உலாவி தமிழில் காட்டுவதை அது பார்த்துக்கொள்ளும்.

2. கதவைப் பூட்டுவது

தொலைவிலிருந்து சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக, எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக நுழைந்ததும், மென்பொருள் நிறுவும் ஆப்ட் கருவியில் ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேட் இரண்டையும் ஓட்டி, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறியிருந்தால் சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு ஆட்யூசர் கட்டளையால் உங்கள் பெயரில் ஒரு பயனரை உருவாக்கி, அவரை ரூட்டின் உரிமையோடு கட்டளை ஓட்டக்கூடிய சூடோ குழுவில் சேர்த்து, உங்கள் எஸ்எஸ்எச் பொதுச் சாவியை அவருடைய அடைவில் வையுங்கள். இனி எல்லா வேலையும் அந்தப் பயனராகத்தான்.

அடுத்து, ரூட்டாக நேரடியாக நுழைவதையும் கடவுச்சொல் கொடுத்து நுழைவதையும் நிறுத்த வேண்டும். எஸ்எஸ்எச்டி-கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் என்ற வரியை நோ என்று மாற்றச் சொல்லும் வழிகாட்டிகள் ஏராளம். அப்படி மாற்றியும் கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருக்கும் சர்வர்களும் ஏராளம். எஸ்எஸ்எச் ஓர் அமைப்பின் மதிப்பை முதலில் எங்கே பார்க்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும், பின்னால் வருவதைக் கண்டுகொள்ளாது. உபுண்டுவில் எஸ்எஸ்எச்டி-கான்ஃபிக் டாட் டி என்ற அடைவின் கோப்புகள் முதலில் படிக்கப்படுகின்றன. கிளவுட் நிறுவனங்கள் தரும் சர்வர்களில் 50-கிளவுட்-இனிட் என்று ஒரு கோப்பு அங்கே உட்கார்ந்துகொண்டு யெஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கும். மாற்ற வேண்டிய இடம் அது.

மாற்றியதும் இருக்கும் டெர்மினலை மூடாதீர்கள். இன்னொரு டெர்மினலைத் திறந்து புதிய பயனராக நுழைய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மட்டுமே பழையதை மூடுங்கள்.

ஃபயர்வாலுக்கும் இதே எச்சரிக்கை. உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யூஎஃப்டபிள்யூவில் முதலில் ஓப்பன்எஸ்எஸ்எச்-ஐ அனுமதியுங்கள், பிறகு வலைத்தளத்துக்கான 80, 443 போர்ட்டுகளை. கடைசியாகத்தான் எனேபிள். வரிசை மாறினால் உங்கள் சர்வருக்கு நீங்களே வெளியாள். சில நிறுவனங்களின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இன்னொரு ஃபயர்வால் தனியாக இருக்கும். அங்கேயும் இந்த மூன்று போர்ட்டுகளும் திறந்திருக்க வேண்டும்.

1 ஜிபி நினைவகம்தான் என்றால் இப்போதே நினைவகம் போதாதபோது வட்டிலிருந்து கைகொடுக்கும் ஸ்வாப் கோப்பு ஒன்றை 1 அல்லது 2 ஜிபி அளவில் உருவாக்கி, ஃபாலொகேட், எம்கே-ஸ்வாப், ஸ்வாப்-ஆன் என்று முடித்து, எஃப்எஸ்டேப் கோப்பிலும் எழுதிவிடுங்கள். ஸ்வாப் இல்லாத சிறு சர்வரில் நினைவகம் தீர்ந்தால் கெர்னல் பெரிய செயலியாகப் பார்த்து நிறுத்தும். பெரும்பாலும் மாட்டுவது மரியாடிபி.

3. மூன்று மென்பொருள்களும் ஒரு பொறியும்

ஆப்ட் இன்ஸ்டால் என்று சொல்லி என்ஜின்எக்ஸ், மரியாடிபி-சர்வர், பிஎச்பி-எஃப்பிஎம், பிஎச்பி-மைஎஸ்க்யூஎல், பிஎச்பி-கர்ல், பிஎச்பி-ஜிடி, பிஎச்பி-இன்டில், பிஎச்பி-எம்பிஸ்ட்ரிங், பிஎச்பி-எக்ஸ்எம்எல், பிஎச்பி-ஜிப், பிஎச்பி-இமேஜிக் ஆகியவற்றை வரிசையாகக் கொடுங்கள். எம்பிஸ்ட்ரிங் நமக்கு முக்கியம். ஒரு தமிழ் வரியை நடுவில் வெட்டும்போது எழுத்தைப் பாதியாகப் பிளக்காமல் வெட்டுவது அதன் வேலை.

பொறி இதுதான்: பட்டியலில் வெறுமனே பிஎச்பி என்ற பெயரைச் சேர்த்துவிடாதீர்கள். அந்தத் தொகுப்பு தன்னை ஓட்ட ஏதாவது ஒரு வழி வேண்டும் என்று கேட்கும். நீங்கள் எஃப்பிஎம்மைச் சொல்லாதபோது ஆப்ட் அப்பாச்சி என்ற இன்னொரு வலைச் சர்வரைக் கொண்டுவந்து இறக்கும். பிறகு அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் 80-ஆம் போர்ட்டுக்கு அடித்துக்கொள்ளும். யார் முதலில் எழுந்தார்களோ அவர் ஜெயிப்பார். ஒவ்வொரு மறுதொடக்கத்துக்கும் ஒரு முடிவு வரும், உங்களுக்குத் தலை சுற்றும்.

அப்பாச்சி கெட்டதா என்றால் இல்லை. எச்டி-அக்சஸ் என்ற அப்பாச்சி அமைப்புக் கோப்பை நம்பும் வேர்ட்பிரஸ் செருகுநிரல்களுக்கு (பிளகின்) அது வசதியும்கூட. சிறு நினைவகத்தில் என்ஜின்எக்ஸ் இலகுவாக ஓடும் என்பதால் நான் இதை எடுக்கிறேன். இரண்டில் எதையாவது எடுங்கள், இரண்டையும் எடுக்காதீர்கள்.

முதல் சோதனை: உலாவியில் ஐபி எண்ணைத் தட்டுங்கள். என்ஜின்எக்ஸ் வரவேற்புப் பக்கம் தெரிந்தால் முதல் கண்ணி சரி. பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஃபயர்வால். இணைப்பை மறுத்ததாகச் செய்தி வந்தால் என்ஜின்எக்ஸ் ஓடவில்லை.

4. வேர்ட்பிரஸுக்கு முன்னால் சான்றிதழ்

பெரும்பாலான வழிகாட்டிகள் வேர்ட்பிரஸை நிறுவிவிட்டுக் கடைசியில் எச்டிடிபிஎஸ்ஸுக்கு வருகின்றன. அந்த வரிசையை மாற்றச் சொல்கிறேன். இதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு.

லெட்ஸ் என்கிரிப்ட் உட்பட எல்லாச் சான்றிதழ் நிறுவனங்களும் தாங்கள் வழங்கும் ஒவ்வொரு சான்றிதழையும் பொதுப் பதிவேடுகளில் எழுதுகின்றன. யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். அதாவது உங்கள் டொமைனுக்குச் சான்றிதழ் கிடைத்த மறுகணமே, இந்தப் பெயரில் புதிய தளம் ஒன்று எழும்புகிறது என்று உலகத்துக்கே தண்டோரா போட்டாகிவிட்டது. அந்தப் பதிவேடுகளைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும் தானியங்கிகள் உண்டு. அவை தேடுவது, பாதியில் நிற்கும் வேர்ட்பிரஸ் நிறுவல் பக்கத்தை. அந்தப் பக்கம் யார் முதலில் வந்து படிவத்தை நிரப்புகிறாரோ அவரையே நிர்வாகியாக ஏற்றுக்கொள்ளும், அவர் யார் என்று கேட்காது. நீங்கள் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் தளம் வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம். நிர்வாகியாகிவிட்டவர் செருகுநிரல் வழியாகத் தன் நிரலை உங்கள் சர்வரில் ஓட்டலாம் என்பதால், இழப்பது தளத்தை மட்டுமல்ல.

ஆகவே முதலில் வெற்றுப் பக்கத்துக்குச் சான்றிதழ். பிறகு, நிறுவல் பக்கத்தை உலாவியில் திறக்காமலேயே டெர்மினலிலிருந்து வேர்ட்பிரஸ்.

/வார்/ அடைவுக்குள் டபிள்யூடபிள்யூடபிள்யூ என்ற அடைவு இருக்கும். அதனுள் உங்கள் தளத்துக்கு ஓர் அடைவை உருவாக்குங்கள். அதை இனி தள அடைவு என்று சொல்கிறேன். அதில் ஒரு வரி மட்டும் உள்ள இன்டெக்ஸ் எச்டிஎம்எல் கோப்பை வையுங்கள். அந்த வரி தமிழில் இருக்கட்டும்.

பிறகு /ஈடிசி/என்ஜின்எக்ஸ்/ அடைவில் சைட்ஸ்-அவைலபிள் என்பதற்குள் உங்கள் தளத்தின் பெயரில் ஒரு கோப்பு. அதில் ஒரு சர்வர் தொகுதி. லிசன் 80. சர்வர்-நேம் என்ற இடத்தில் டொமைனின் இரு வடிவங்களும். ரூட் என்ற இடத்தில் தள அடைவு. இன்டெக்ஸ் என்ற இடத்தில் முதலில் இன்டெக்ஸ் பிஎச்பி, அடுத்து இன்டெக்ஸ் எச்டிஎம்எல். அதன் பிறகு மூன்று பகுதிகள்.

முதல் பகுதி, எல்லா முகவரிக்கும் பொதுவானது. ட்ரை-ஃபைல்ஸ் என்ற ஆணையால் மூன்று விஷயங்களைச் சொல்கிறோம்: கேட்ட பெயரில் கோப்பு இருந்தால் அதைக் கொடு. இல்லாவிட்டால் அடைவு இருக்கிறதா என்று பார். அதுவும் இல்லாவிட்டால் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளவற்றோடு இன்டெக்ஸ் பிஎச்பியிடம் ஒப்படை. இந்த மூன்றாவது விஷயம்தான் வேர்ட்பிரஸின் அழகான முகவரிகளுக்கு உயிர். இது விடுபட்டால் முகப்பு திறக்கும், ஒவ்வொரு பதிவும் 404 என்று சொல்லும்.

இரண்டாவது, பிஎச்பி என்று முடியும் கோப்புகளுக்கானது. உபுண்டு தயாராக வைத்திருக்கும் ஸ்னிப்பெட்ஸ் அடைவின் ஃபாஸ்ட்சிஜிஐ-பிஎச்பி கோப்பை இன்க்ளூட் செய்து, ஃபாஸ்ட்சிஜிஐ-பாஸ் என்பதில் /ரன்/பிஎச்பி/ அடைவில் உள்ள பிஎச்பி 8.3 சாக்கெட்டின் (என்ஜின்எக்ஸும் பிஎச்பியும் பேசிக்கொள்ளும் கோப்பு) பாதையைக் கொடுங்கள். அந்த அடைவை எல்எஸ் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பழைய வழிகாட்டியிலிருந்து 7.4 என்று எடுத்து எழுதினால் 502 பேட் கேட்வே உறுதி.

மூன்றாவது, பெயரின் எழுத்து அமைப்பைப் பொருத்திப் பார்க்கும் ரீஜெக்ஸ் வடிவில், அப்லோட்ஸ் அடைவுக்குள் இருக்கும் எந்தப் பிஎச்பி கோப்பையும் ஓட்டாதே என்ற டினை ஆல். இதை இரண்டாவது பகுதிக்கு மேலே வையுங்கள். ரீஜெக்ஸ் பகுதிகளில் முதலில் பொருந்துவதை என்ஜின்எக்ஸ் எடுத்துக்கொள்ளும். படம் ஏற்றும் வழியாக உள்ளே நுழைந்த தீநிரல் ஓட முடியாமல் கிடக்க இந்த ஒரு பகுதி போதும்.

கோப்பைச் சேமித்து, சைட்ஸ்-எனேபிள்ட் அடைவிலிருந்து அதற்கு எல்என் கட்டளையால் ஓர் இணைப்புப் போட்டு, அங்கே இருக்கும் டீஃபால்ட் இணைப்பை நீக்குங்கள். என்ஜின்எக்ஸ், இடைவெளி, கழித்தல் குறியோடு டி: இது அமைப்பில் பிழை இருந்தால் வரி எண்ணோடு சொல்லும். ஓகே என்று வந்த பிறகே ரீலோட்.

டொமைனை உலாவியில் தட்டினால் உங்கள் தமிழ் வரி தெரிய வேண்டும். தெரிகிறதா? அப்படியானால் டொமைன் பரவிவிட்டது. சான்றிதழ் வாங்கித் தரும் செர்ட்பாட்டையும் அதன் என்ஜின்எக்ஸ் துணைத் தொகுப்பையும் ஆப்ட் வழியாக நிறுவி, என்ஜின்எக்ஸ் விருப்பத்தோடு இரு டொமைன் வடிவங்களையும் கொடுத்து ஓட்டுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் 80-ஆம் போர்ட் வழியாகத்தான் வந்து சரிபார்க்கும். தோற்றால் திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள். ஒரு பெயருக்கு மணிக்கு 5 தோல்விகள் வரைதான் அனுமதி. ட்ரை-ரன் விருப்பத்தோடு சோதித்தால் அந்தக் கணக்கில் சேராது.

சான்றிதழின் ஆயுள் 90 நாள். புதுப்பிக்கும் டைமரை ஆப்ட் தொகுப்பே அமைத்துவிடுகிறது. ஆனால் காலாவதி நெருங்குகிறது என்று மின்னஞ்சல் அனுப்பும் வழக்கத்தை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனோடு நிறுத்திவிட்டது. எனவே செர்ட்பாட் ரின்யூ ட்ரை-ரன் இப்போதே ஒருமுறை ஓடிப் பார்க்கட்டும், பச்சையாக முடிந்தால் நல்லது.

இரண்டாவது கண்ணியையும் சோதித்துவிடலாம். பிஎச்பி-இன்ஃபோ என்ற ஒரே ஆணை உள்ள கோப்பை, யாரும் ஊகிக்க முடியாத பெயரில் தள அடைவில் வைத்துத் திறந்து பாருங்கள். நீண்ட பட்டியல் வந்தால் என்ஜின்எக்ஸும் பிஎச்பியும் பேசுகின்றன. பட்டியலுக்குப் பதில் கோப்பே உங்கள் கணினிக்குப் பதிவிறங்கினால் இரண்டாவது பகுதி பொருந்தவில்லை. பார்த்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.

5. தரவுத்தளம்

மைஎஸ்க்யூஎல் ஆரக்கிள் கைக்குப் போகவிருந்த காலத்தில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மான்டி வைடேனியஸ் 2009-இல் தனியே பிரித்தெடுத்தது மரியாடிபி. இரண்டு பெயர்களும் அவருடைய மகள்களிடமிருந்து வந்தவை: மூத்தவர் மை, இளையவர் மரியா. வேர்ட்பிரஸுக்கு இந்த இரண்டு தரவுத்தளங்களும் ஒன்றுதான்.

சூடோ மரியாடிபி என்று தட்டினாலே நிர்வாகியாக உள்ளே போய்விடலாம், கடவுச்சொல் கேட்காது. லினக்ஸின் ரூட்டாக இருப்பதே அங்கே அடையாளம். இது பாதுகாப்புக் குறை அல்ல, நல்ல ஏற்பாடு. அதை மாற்றிக் கடவுச்சொல் வைக்கச் சொல்லும் பழைய குறிப்புகளைத் தாண்டிப் போங்கள். உள்ளே மூன்று ஆணைகள்: தரவுத்தளத்தை உருவாக்கு, பயனரை உருவாக்கு, அந்தத் தரவுத்தளத்தின் மேல் மட்டும் அவருக்கு எல்லா உரிமையும் கொடு.

தரவுத்தளத்தை உருவாக்கும்போதே எழுத்துக்குறியாக்கத்தை யூடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தமிழ் எழுத்துகளுக்கு யூடிஎஃப்8 முறையில் மூன்று பைட்டுகள். எனவே மைஎஸ்க்யூஎல் குடும்பத்தின் பழைய, மூன்று பைட்டோடு நின்றுவிடும் யூடிஎஃப்8 போதாதா என்று தோன்றலாம். வாசகர் கருத்தில் ஒரு ஸ்மைலி வரும்வரை போதும். அதற்கு நான்கு பைட்டு. இன்னொன்றும் இருக்கிறது: முந்திரி, காணி போன்ற பழைய தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோட் 12-இல் சேர்ந்தபோது அவற்றுக்குக் கிடைத்த இடமும் நான்கு பைட்டுப் பகுதியில்தான். கல்வெட்டு, நிலக்கணக்கு பற்றி எழுதுகிறவருக்கு அது ஸ்மைலியைவிட முக்கியம்.

பயனரின் பெயருக்குப் பின்னால் லோக்கல்ஹோஸ்ட் என்று இருக்கட்டும். கடவுச்சொல்லை ஓப்பன்எஸ்எஸ்எல் ரேண்ட் கொண்டு உருவாக்குங்கள், மனப்பாடம் செய்யத் தேவையே இல்லாத ஒன்று அது. வெளியே வந்து அந்தப் புதிய பயனராக நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் மூன்றாவது கண்ணி சரி.

6. வேர்ட்பிரஸ், டெர்மினல் வழியாக

உபுண்டுவின் களஞ்சியத்தில் வேர்ட்பிரஸ் என்றே ஒரு தொகுப்பு உண்டு. அதை எடுக்காதீர்கள். பதிப்பு பின்தங்கியிருக்கும், கோப்புகள் சிதறிக் கிடக்கும், வேர்ட்பிரஸின் சொந்தப் புதுப்பித்தலோடு ஒத்துப்போகாது.

நமக்கு வேண்டியது, வேர்ட்பிரஸை டெர்மினலிலிருந்து இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ. ஒரே ஒரு ஃபார் கோப்பு, அதாவது பிஎச்பி நிரல் முழுவதையும் அடக்கிய பொதி. அதன் அதிகாரபூர்வத் தளம் சொல்லும் இடத்திலிருந்து கர்ல் மூலம் இறக்கி, சிஎச்மாட் கொண்டு ஓடும் உரிமை கொடுத்து, /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/ அடைவுக்கு டபிள்யூபி என்ற பெயரில் நகர்த்துங்கள். இதை ரூட்டாக ஓட்டினால் அதுவே மறுக்கும், மறுப்பது சரிதான். டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனர்தான் உபுண்டுவில் என்ஜின்எக்ஸையும் பிஎச்பியையும் ஓட்டுபவர். இனி அவரை வலைப் பயனர் என்கிறேன். சோதனைக்கு வைத்த எச்டிஎம்எல் கோப்பை நீக்கி, தள அடைவின் உரிமையைச் சிஎச்ஓன் கொண்டு வலைப் பயனருக்கு மாற்றி, அடைவுக்குள் நின்றபடி, சூடோ, கழித்தல் குறியோடு யூ, வலைப் பயனர் பெயர், பிறகு டபிள்யூபி கட்டளை என்று ஓட்டுங்கள். கேஷ் அடைவில் எழுத முடியவில்லை என்று ஓர் எச்சரிக்கை வந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

டபிள்யூபியின் கோர் டவுன்லோட் ஆணை வேர்ட்பிரஸ் கோப்புகளை இறக்கும். கான்ஃபிக் கிரியேட் தரவுத்தள விவரங்களை வாங்கி டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பை எழுதும், குக்கிகளைப் பாதுகாக்கும் எட்டு ரகசிய வரிகளையும் சேர்த்துவிடும். கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே எழுதாமல் ப்ராம்ப்ட் விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் அது ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் தங்கிவிடும். தரவுத்தளத்தோடு இணைய முடியாவிட்டால் இந்தக் கட்டளையே நின்று சொல்லிவிடும்.

இந்த இரண்டுக்கும் அடுத்த கோர் இன்ஸ்டாலுக்கும் இடையில் தாமதிக்காதீர்கள். மேலே சொன்ன நிறுவல் பக்கம் வெளியே திறந்திருக்கும் நேரம் இதுதான். கோர் இன்ஸ்டாலுக்கு எச்டிடிபிஎஸ்ஸோடு கூடிய முகவரி, தளத்தின் பெயர், நிர்வாகிப் பெயர், மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொடுங்கள். நிர்வாகிப் பெயர் அட்மின் என்று இருக்க வேண்டாம், கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டிப் பார்க்கும் தானியங்கிகள் முதலில் முயல்வது அதைத்தான். கடவுச்சொல் கொடுக்காவிட்டால் அதுவே ஒன்றை உருவாக்கித் திரையில் காட்டும். அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உலாவியில் தளத்தைத் திறந்தால் வேர்ட்பிரஸ் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

7. கோப்பு உரிமை: 777 போடாமல் இருப்பது எப்படி

ஏதாவது எழுத முடியவில்லை என்றால் எல்லாவற்றுக்கும், யாரும் எதையும் எழுதலாம் என்னும் 777 போடு என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, வீட்டுச் சாவியை வாசற்படியில் வைப்பது. சரியான அளவு நெடுங்காலமாக ஒன்றுதான்: அடைவுகளுக்கு 755, கோப்புகளுக்கு 644, டபிள்யூபி-கான்ஃபிக்குக்கு மட்டும் 640 அல்லது 600. ஃபைண்ட் கட்டளையில் டைப் டி, டைப் எஃப் என்று பிரித்து இரண்டு முறை ஓட்டினால் வேலை முடிந்தது.

குழப்பம் வருவது உரிமை எண்ணில் அல்ல, உரிமையாளரில். செருகுநிரலை நிறுவப் போனால் எஃப்டிபி (கோப்புகளை அனுப்பும் முறை) விவரம் கேட்கிறதா? வேர்ட்பிரஸ் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதிப் பார்த்து, அதன் உரிமையாளரும் தன் சொந்த நிரல் கோப்பின் உரிமையாளரும் ஒருவர்தானா என்று ஒப்பிடுகிறது. நீங்கள் உங்கள் பயனராக நகலெடுத்த கோப்புகள் உங்கள் பெயரில் இருக்கும், பிஎச்பி எழுதும் கோப்பு வலைப் பயனர் பெயரில் இருக்கும். பெயர் ஒத்துப்போகாததால் நேரடியாக எழுத மறுத்து எஃப்டிபி கேட்கிறது. குழுவுக்கு எழுதும் உரிமை கொடுத்தாலும் கேட்கும், ஏனென்றால் அது பார்ப்பது குழுவை அல்ல. சிஎச்ஓன் போட்டால் கேள்வி மறைந்துவிடும்.

எல்லாக் கோப்பையும் வலைப் பயனர் கையில் கொடுப்பதில் ஆபத்து இல்லையா என்று கேட்பவர்களும் சரிதான். ஓட்டை விழுந்த செருகுநிரல் ஒன்று மொத்த நிரலையும் மாற்றி எழுதிவிடலாம். நிரல் முழுவதையும் வேறொரு பயனர் பெயரில் வைத்து அப்லோட்ஸை மட்டும் வலைப் பயனருக்குக் கொடுப்பது அதிகப் பாதுகாப்பு. ஆனால் புதுப்பித்தலை ஒவ்வொரு முறையும் நீங்களே டெர்மினலில் செய்ய வேண்டும். அதைத் தவறாமல் செய்பவர்கள் குறைவு. வேர்ட்பிரஸ் தளங்கள் விழுவது பெரும்பாலும் புதுப்பிக்காமல் விட்ட செருகுநிரலால்தான் என்பதால், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். அதோடு டபிள்யூபி-கான்ஃபிக்கில் டிஸ்அலவ் ஃபைல் எடிட் என்ற மாறிலியை ட்ரூ என்று வையுங்கள். நிர்வாகப் பக்கத்திலிருந்தே நிரலைத் திருத்தும் பெட்டி காணாமல் போகும்.

8. தமிழ்த் தளத்துக்கு மட்டும்

பொது அமைப்புகளில் மொழியைத் தமிழாக மாற்றுங்கள், நேர வலயத்தைக் கொல்கத்தா அல்லது கொழும்பு என்று வையுங்கள். சர்வரின் சொந்தக் கடிகாரம் யூடிசியிலேயே இருக்கட்டும்.

பதிவுகளின் முகவரி வடிவை முடிவுசெய்யும் பெர்மாலிங்க் அமைப்பில் பதிவின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், தலைப்பிலிருந்தே முகவரி உருவாகும். ஆங்கிலத்தில் எந்தத் தொல்லையும் இல்லை. தமிழில் ஒரு பள்ளம் இருக்கிறது. வேர்ட்பிரஸ் முகவரியைச் சதவீதக் குறி போட்ட வடிவில் சேமிக்கிறது. தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் அதில் 9 எழுத்தாகிறது. அந்தப் பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடமோ 200 எழுத்து. ஆக, ஏறக்குறைய 22 குறிகளோடு முடிந்தது. ‘சி’ என்பதிலேயே ச ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என்று இரண்டு குறிகள். மெய்யெழுத்துக்கும் புள்ளியோடு சேர்த்து இரண்டு.

‘சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலம்’ என்று தலைப்பு வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். சங்க என்பது 4 குறி, 36 எழுத்து. இடையில் ஒரு கோடு. இலக்கியத்தில் 13 குறி, 117 எழுத்து. மறுபடி ஒரு கோடு. இதுவரை 155. மிச்சம் 45 எழுத்தில் 5 குறிகள் அடங்கும். முகவரி ‘சங்க-இலக்கியத்தில்-நெய்த’ என்று நிற்கும். நெய்தலின் கடைசி எழுத்து போயிற்று, நிலம் அடியோடு போயிற்று. அதே தொடக்கம் கொண்ட அடுத்த கட்டுரைக்கு இதே பெயரின் பின்னால் 2 என்று ஒட்டும்.

ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் ஆங்கில எழுத்தில் சிறிய பெயர் ஒன்றை நீங்களே கொடுங்கள், அல்லது பதிவின் எண்ணையே முகவரியாக வையுங்கள். தமிழ் முகவரியே வேண்டும் என்பவர்கள் தலைப்பைவிடச் சுருக்கமான இரண்டு சொற்களைத் தாமே தட்டட்டும். தானாக வெட்டப்பட விடுவது மட்டும் வேண்டாம்.

ஏற்றும் படங்களின் கோப்புப் பெயரையும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். ‘கொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு வெவ்வேறு கோப்புகள்.

9. நிறுவிய பின் தலைகாட்டும் தொல்லைகள்

படம் ஏற்றினால் 413 என்று வருகிறதா? என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் வாங்காது. கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸை 32 எம்பி ஆக்குங்கள். பிஎச்பியின் இயல்பு வரம்பும் 2 எம்பிதான். எஃப்பிஎம் அடைவின் பிஎச்பி-இனி கோப்பில் அப்லோட் வரம்பையும் போஸ்ட் வரம்பையும் சேர்த்தே உயர்த்தி எஃப்பிஎம்மை மறுதொடக்கம் செய்ய வேண்டும். சிஎல்ஐ அடைவில் இதே பெயரில் இன்னொரு கோப்பு உண்டு, அதில் திருத்திப் பயனில்லை.

தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை என்ற செய்தி, நேற்றுவரை ஓடிய தளத்தில் திடீரென்று வந்தால், கடவுச்சொல்லைச் சந்தேகிக்காதீர்கள். சர்வரின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஜர்னல்-சிடிஎல்லில், நினைவகம் தீர்ந்ததைக் குறிக்கும் ஊம் என்ற சொல்லைத் தேடுங்கள். நினைவகம் தீர்ந்து மரியாடிபி கொல்லப்பட்டிருக்கும்.

கடவுச்சொல் மறந்த எழுத்தாளருக்கு மின்னஞ்சல் போகவில்லை என்பது அடுத்தது. புதிய சர்வர்களுக்கு அஞ்சல் அனுப்பும் 25-ஆம் போர்ட்டை வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் மூடியே வைத்திருக்கின்றன. ஒரு எஸ்எம்டிபி செருகுநிரல் வழியாக வெளி அஞ்சல் சேவை ஒன்றை 587-ஆம் போர்ட்டில் இணைப்பதே வழி. சொந்த அஞ்சல் சர்வர் அமைக்கும் ஆசை வந்தால் ஒருமுறை படுத்துத் தூங்கி எழுந்து யோசியுங்கள்.

நேரம் குறித்து வைத்த பதிவு உரிய நேரத்தில் வெளிவராததற்குக் காரணம், வேர்ட்பிரஸின் கடிகாரம் யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். டிஸ்ஏபிள் டபிள்யூபி கிரான் மாறிலியை ட்ரூ ஆக்கி, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் பட்டியலில், அதாவது வலைப் பயனரின் கிரான்டேபில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டபிள்யூபி-சிஎல்ஐயின் கிரான் ஈவன்ட் ரன் கட்டளையை, நேரம் வந்தவற்றை மட்டும் ஓட்டும் டியூ-நவ் விருப்பத்தோடு போடுங்கள்.

10. காப்பு நகல்

காக்க வேண்டியவை மூன்று: தரவுத்தளம், டபிள்யூபி-கன்டென்ட் அடைவு, டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பு. மற்றதெல்லாம் மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடியவை. தரவுத்தளத்துக்கு மரியாடிபி-டம்ப், சிங்கிள்-டிரான்சாக்ஷன் விருப்பத்தோடு. அப்போது தளத்தை நிறுத்தாமலேயே ஒரே கணத்தின் நிலை கிடைக்கும். இரவு ஓடும் கிரான் வேலையாக வைத்து, நகலை வேறோர் இடத்துக்கு அனுப்புங்கள். அதே சர்வரில் கிடக்கும் நகல் சர்வரோடு சேர்ந்து போகும்.

மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு சிறு சர்வரிலோ உங்கள் கணினியிலோ மீட்டுப் பாருங்கள். மீட்டதும் பழைய தமிழ்ப் பதிவு ஒன்றைத் திறவுங்கள். எழுத்துகள் கேள்விக்குறிகளாக நின்றால், நகல் எடுத்தபோதோ ஏற்றியபோதோ குறியாக்கம் தவறிவிட்டது. டீஃபால்ட்-கேரக்டர்-செட் விருப்பத்தில் யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லி மறுபடி எடுத்து ஏற்றுங்கள். கேள்விக்குறிக்குப் பதிலாக, தலையில் சாய்கோடு போட்ட லத்தீன் ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் வரிசையாக வந்தால் தமிழ் அழியவில்லை. அதன் பைட்டுகளை லத்தீன்1 என்று நினைத்துப் படித்திருக்கிறது. பழைய வாடகை இடங்களிலிருந்து கொண்டுவந்த தளங்களில் இது சாதாரணம். அப்படிப்பட்ட தளத்தில் நகலை எடுக்கும்போது லத்தீன்1 என்று சொல்லி எடுத்து, கோப்பின் தலைப்பில் செட் நேம்ஸ் என்ற வரியிலும் அட்டவணை வரையறைகளிலும் லத்தீன்1 இருக்கும் இடத்தை யூடிஎஃப்8எம்பி4 என்று திருத்தி, புதிய தரவுத்தளத்தில் ஏற்றினால் எழுத்துகள் திரும்ப வந்துவிடும். இதை முதலில் ஒரு பிரதியில் செய்து பாருங்கள், ஓடிக்கொண்டிருக்கும் தளத்தின் மேல் அல்ல.